வாசலுக்கு உள்ளே ஒரு தலை, வெளியே ஒரு தலை

கத்திரியக்காவோடு உட்கார்ந்து டி.வி. பார்ப்பதைவிட மயக்க ஊசி இல்லாமல் பல் பிடுங்கிக்கொள்ளலாம் என்பான் அவளுடைய கொழுந்தன். சொல்வதோடு சரி. சாயங்காலம் ஆனதும் மாடி வீட்டிலிருந்து முதல் ஆளாக இறங்கி வந்து, சோபாவில் அவளுக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்பவனும் அவன்தான்.

“அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க. கதை முடியப் போகுது, கொஞ்சம் அழுதுக்கறேன்.”

“நீ அழு தம்பி, நான் என்ன வேணாம்னா சொன்னேன்?”

திரையில் கதாநாயகன் கோமாவில் கிடப்பான். மனைவி அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறுவாள். கொழுந்தன் கண்ணைத் துடைக்கத் துண்டை எடுப்பான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பாள். முடியாது.

“இல்ல தம்பி, மாசக்கணக்கா நினைவில்லாம கிடக்கறானே, இவனுக்குக் கிருதா யாரு எடுத்துவிட்டா? அதுவும் நேத்துதான் எடுத்த மாதிரி இருக்கு.”

அவ்வளவுதான். கொழுந்தனின் அழுகை தொண்டையிலேயே மாட்டிக்கொண்டு இருமலாக வெளியே வரும்.

தெருவில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை. மருந்துக்கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில் அவள் முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். பெரியவர், சிறியவர், ஆண், பெண் என்று யார் வந்தாலும் வெட்டுவாள். நாற்காலிகள் இரண்டு. அதில் ஒன்று ஏறினால் இறங்காது; அதில் உட்கார்ந்த குழந்தையை அப்பாவோ அம்மாவோ தூக்கித்தான் இறக்க வேண்டும். வாசலுக்கு மேலே ஒரு டி.வி. பெட்டி. உட்கார்ந்திருப்பவர்கள் எதிரே உள்ள கண்ணாடிக்குள்தான் அதைப் பார்க்க முடியும். முடி உலர்த்தும் மெஷின் போடுகிற சத்தத்தில் வசனம் எப்படியும் கேட்காது என்று அக்கா ஒலியை நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தாள்.

அவளுக்கு இந்த வியாதி வந்தது அந்தப் பெட்டியால்தான். வசனம் காதில் விழுந்தால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும். நல்லவன் என்று சொன்னால் நல்லவன், பத்து வருடம் கழித்து என்றால் பத்து வருடம் கழித்து. வசனமே கேட்காதவளுக்கு என்ன மிச்சம்? தலை, கை, கதவு, கோப்பை. வருடக்கணக்கில் கையில் கத்திரியோடு கண்ணாடிக்குள் அவற்றையே பார்த்துப் பார்த்து அவள் கண் கெட்டுவிட்டது என்று கணவர் சொல்வார். கெட்டுவிட்டதா, தேறிவிட்டதா என்பது வேறு விஷயம்.

குளத்தில் விழுந்து எழுந்தவளின் தலை அடுத்த நொடியே உலர்ந்திருந்தால் அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். வகிடு இடப்பக்கம் இருந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் வலப்பக்கம் போய்விட்டால் வாடிக்கையாளரின் தலையை விட்டுவிட்டுக் கையைத் தட்டுவாள். காட்டில் ஒளிந்திருக்கும் வீரன் தன் நீண்ட முடியைத் தானே கத்தியால் அறுத்துக்கொண்ட காட்சியைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில், நாற்காலியில் இருந்த தபால்காரர் தன் தலைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்துவிட்டார். “பின்கழுத்துல மெஷின் போட்டிருக்கு சார், நீங்களே பாருங்க! காட்டுல பிளக் எங்க இருந்துச்சாம்?” தலை மட்டும் என்றில்லை. போன மாதம் பின்கதவு வழியாக ஓடிப்போன மருமகள் இந்த மாதம் தீயில் மாட்டிக்கொண்டு, வெளியே போக ஒரே ஒரு கதவுதான் என்று அலறினால், அக்கா எழுந்து நின்று அந்தப் பின்கதவு எங்கே இருக்கிறது என்று கையை நீட்டி வழி சொல்வாள்.

கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் நிதானமாகப் பேசிப் பேசிப் பழகியவர் என்பதால் அவருக்குப் பொறுமை அதிகம். அக்காவோடு குடித்தனம் நடத்த அது கைகொடுத்தது.

மகள்தான் அக்காவுக்குச் சரியான ஜோடியாக இருந்தாள். சின்ன வயதில் மடியில் உட்கார்ந்துகொண்டு, “அம்மா, அந்த மாமா வாட்ச் காணோம்!” என்று முந்திக்கொள்வாள். அக்காவுக்குப் பூரித்துப்போகும். ஆனால் பள்ளியில் படிக்கும்போது மகள் தோழிகளோடு சேர்ந்து போனில் ஒரு பேய்ப்படம் எடுத்தாள். ஆசையாக அம்மாவிடம் காட்டினாள். பேய் வருவதற்கு முன்பே அக்கா, “கண்ணு, இந்தப் பொண்ணு செத்துட்டாளே, மூச்சு விடறாளே” என்றாள். மகள் போனை வாங்கிக்கொண்டாள். அந்தப் படத்தை அப்போதே அழித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எடுத்த எதையும் அம்மாவின் கண்ணில் காட்டியதில்லை. போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பவள், அம்மா வந்தால் திரையைக் கவிழ்த்து வைப்பாள். அக்கா அதைக் கவனிக்காமலா இருப்பாள்? ஊரில் உள்ள அத்தனை படத்தையும் பார்த்தாயிற்று, பெற்ற பெண் எடுக்கும் படத்தை மட்டும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் வருத்தம். வெளியே சொல்லவில்லை.

மகள் இப்போது கூரியர் அலுவலகத்தில் வேலை செய்தாள். சினிமா சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியில் சேர மனு போட்டிருந்தாள். சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்து அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அக்காவுக்கு இது தெரியும். எப்போது எடுக்கப் போகிறாள், என்ன கதை என்று மட்டும் தெரியாது. கேட்டால், “பாக்கலாம்மா” என்பாள்.

இதற்கிடையில் கணவரின் போக்கு சரியில்லை. காதை மூடும் அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. உட்காருங்கள் என்றால் தலைவலி என்பார், சளி என்பார், லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று கிளம்பிவிடுவார். முடி வெட்டுகிறவளின் புருஷன் இப்படித் திரிந்தால் கடைக்கு எவன் வருவான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட களைப்பில் அவர் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். இதைவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார் என்று அக்கா துணியைப் போர்த்திக் காரியத்தை ஆரம்பித்தாள். இரண்டாவது காதுக்கு வரும்போதுதான் அவர் கண் விழித்தார்.

“ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்ட!”

“முடி வெட்டினேன். இதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தறீங்க?”

அவர் குனிந்து தரையில் கிடந்த முடியைக் கையில் அள்ளிப் பார்த்தார். அறையிலிருந்து வந்த மகள் அப்பாவின் தலையைப் பார்த்தாள், பேயறைந்த மாதிரி நின்றாள், திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாடியிலிருந்து இறங்கிய கொழுந்தன், “அண்ணி!” என்றதோடு வாயைப் பொத்திக்கொண்டான். வீட்டில் எல்லோருக்கும் மறை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அக்கா முடியைப் பெருக்கித் தள்ளினாள்.

படத்தை அனுப்பக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் கொழுந்தன் உளறிக்கொட்டிவிட்டான். பேச்சுவாக்கில், “நான் ஒளிப்பதிவு பண்ணின படம்” என்று ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். குட்டு உடைந்தது. அக்கா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து வீட்டிலும் வெளியிலுமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அப்பாதான் கதாநாயகர்.

அக்கா சண்டை போடவில்லை. “ஓ” என்று மட்டும் சொன்னாள். மகள் போனைக் கையில் எடுத்தாள். பிறகு, “சரி, வா. பாரு” என்றாள்.

மகள் டி.வி.யில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது கணவர் அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“உன் கால்ல விழறேன். வாயைத் திறக்காத. நாளைக்கு அனுப்பணும். இப்பப் போய் அது நொட்டை இது நொள்ளைன்னு சொன்னா பொண்ணு ஒடைஞ்சு போயிடுவா.”

“நான் எதுக்குங்க சொல்லப் போறேன்?”

“நீ எதுக்குச் சொல்லாம இருந்திருக்க?” என்று அவர் ஒரு கிண்ணம் நிறைய வேர்க்கடலையை அவள் கையில் கொடுத்தார். வாய்க்கு வேலை இருக்கட்டும் என்று.

படம் ஓடியது. தனியாக வாழும் ஒரு மனிதர். பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத நண்பர் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்கிறார். இவர் அன்று முழுக்க வீட்டைப் பெருக்குகிறார். மறுநாள் காலையில் டீ குடிக்கிறார், சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், பஸ் நிலையத்துக்குப் போகிறார். பஸ் வருகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் அக்காவால் கண்ணை எடுக்க முடியவில்லை. தினமும் தன்னிடம் திட்டு வாங்கும் மனிதரா இவர்? யாருமில்லாத வீட்டில் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு ஒன்றை மறுபடி அலமாரியில் வைக்கிறாரே, இதை யார் இவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நம் வீட்டுப் பெண்ணா?

காதை மூடிய முடியோடு அந்த மனிதர் வாசலை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தார். வெளியே கால் வைத்தார். காது தெரிந்தது. பின்கழுத்து பளிச்சென்று இருந்தது.

அக்காவுக்குப் புரை ஏறியது. அந்த வெட்டு அவளுடையது. எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அது அடையாளம் தெரியும். கொழுந்தன் அவள் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினான். இருமிக்கொண்டே அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை; இருமல் நின்றபோது படம் முடிந்திருந்தது. கணவர் அவளையே கெஞ்சும் கண்ணால் பார்த்தார். மகளும் அவளையே பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள் அக்கா.

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு, கண்ணு.”

கணவர் பெருமூச்சு விட்டார். மகளின் முகம் வாடிவிட்டது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

“அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனே!” என்றாள் அக்கா, கிண்ணத்தைக் கணவர் கையில் திணித்துவிட்டு. போய்க் கதவைத் தட்டினாள்.

“என்னடி கோவம்?”

“நீ எதை நல்லா இருக்குன்னு சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா?” உள்ளேயிருந்து குரல் கரகரத்தது. “பாதியில தூங்கிட்ட படத்தைச் சொல்லுவ. சித்தப்பா பாடினா சொல்லுவ. உனக்குப் பிடிச்ச படமா இருந்தா முதல் சீன்லயே ஆரம்பிச்சிருப்ப. என் படத்துல உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுகூட இல்லையாம்மா?”

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தன்னைப் பற்றி அவளுக்கே தெரியாத விஷயம் அது. ஆமாம், உப்புச் சப்பில்லாத படத்தில் அவள் என்றைக்குக் குறை கண்டாள்? கொட்டாவிதான் விட்டாள்.

“கதவைத் திற” என்றாள். “டீ குடிக்கும்போது கோப்பையோட பிடி சுவரைப் பாத்துட்டு இருக்கு. நீ கிட்டப் போய்க் காட்டினா ஜன்னலைப் பாக்குது.”

தாழ்ப்பாள் விலகியது.

“இஸ்திரி போடறாரு, பிளக்கே மாட்டல. சட்டையில மூணாவது பட்டன் வெள்ளை நூல்ல தைச்சிருந்துச்சு, தெருவுல போறப்ப நீல நூலு. பஸ் வர்றதுக்கு முன்னாடி நிழல் அந்தப் பக்கம் விழுது, வந்ததும் இந்தப் பக்கம் விழுது. பஸ்ஸுக்கு வழிவிட்டு சூரியன் எதிர்ப்பக்கம் போயிருச்சா?”

மகள் வாசலில் நின்று சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. “அப்புறம்?”

“அப்புறம் தலை.” அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்குக் கத்திரியைத் தொட்டிருப்பேனா?”

“சொன்னா, எடுக்கறதுக்கு முன்னாடியே தப்பு கண்டுபிடிச்சிடுவியோன்னு பயந்தேன்மா.”

“என்னை வெளிய வெச்சுட்டீங்க எல்லாரும்” என்று அக்கா அழுதுவிட்டாள். அவளுக்கு அவ்வளவு வலித்தது. “அதான் தெரியாம உள்ள வந்து நானே வெட்டிக் கெடுத்துட்டேன்.”

மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். இதற்குள் கணவரும் கொழுந்தனும் பின்னால் வந்து நின்றார்கள். கையாலாகாத ஆண்கள் செய்வதை அவர்களும் செய்தார்கள், யோசனை சொன்னார்கள். “ஒரு தொப்பி போட்டுக்கவா?” என்றார் கணவர். “பாதிக்கு மேல கனவுன்னு சொல்லிடலாமே” என்றான் கொழுந்தன். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு இருவரையும் ஒரு முறை முறைத்தாள்.

“இருங்க. ஒருத்தன் ரொம்ப வருஷம் கழிச்சு சிநேகிதனைப் பாக்கப் போறான். வீட்டைப் பெருக்கறான். சட்டையைத் தேய்க்கறான். தலையை மட்டும் பரட்டையாவா தூக்கிட்டுப் போவான்?”

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

“வெட்டினது தப்பில்லடி. வெட்டறதைக் காட்டாததுதான் தப்பு.”

மகள் வாயைப் பிளந்தாள். கொழுந்தன், “அண்ணி, நீங்க எங்கயோ போயிட்டீங்க!” என்று குதித்தான்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ‘மூடப்பட்டுள்ளது’ பலகையைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே படப்பிடிப்பு நடந்தது. கல்யாணப் பெண்களுக்கு வைத்து விடும் ஒட்டுமுடியில் கொஞ்சம் எடுத்து, கணவரின் நரைக்குத் தகுந்தாற்போல் பவுடரைத் தேய்த்து, காதுக்கு மேல் அடுக்கிக் கிளிப் போட்டு, கிளிப் தெரியாமல் சீவிவிட்டாள் அக்கா. அந்த நிறத்தில் இருந்தது அவ்வளவுதான். ஒரே தடவைதான் வெட்ட முடியும்.

“சரிம்மா, நீ வெட்டு.”

“யாரு, நானா? படத்துலயா?” அக்கா கண்ணாடியில் முதல்முறையாகத் தன் தலையைப் பார்த்துக்கொண்டாள். “கடைக்காரியா வேற யாரையாவது போடேன்.”

“கடைக்காரியா கடைக்காரியே இருக்கறப்ப எதுக்கு இன்னொருத்தி? கேமராவைப் பாக்காத. அப்பா, நீ பேசாத.”

கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைத் தூக்கினான். அக்கா வெட்ட ஆரம்பித்தாள். முதல் கொத்து விழும்வரைதான் கேமராவின் நினைப்பு. பிறகு பழக்கதோஷம், எதிரே இருப்பது தலை, கையில் இருப்பது கத்திரி, உலகத்தில் வேறொன்றும் இல்லை. அவர் தலையை இரண்டு விரலால் சாய்த்தாள். காதோரம் ஒட்டிய முடியை வாயால் ஊதினாள். ஊதியதும் அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தோளைக் குறுக்கிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்ததும் எல்லாம் பாழாகிவிட்டது என்று பயந்து மகளைப் பார்த்தாள். மகள் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நிறுத்தாதே என்று தலையை ஆட்டினாள். அக்கா சீப்பை வாயில் கவ்விக்கொண்டு மீதியை வெட்டி முடித்தாள்.

அதன் பிறகு கழுத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிடுவதை மட்டும் கிட்டத்தில் வைத்துத் தனியாக எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மகள் அதைப் படத்தில் சேர்த்தாள். நூலின் நிறமும் சூரியனின் பக்கமும் அப்படியே கிடந்தன. அவற்றைத் திருத்த நேரமில்லை. அனுப்பு என்றாள் அக்கா. அனுப்பிவிட்டு நால்வரும் கடைத் தரையிலேயே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள்.

சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியில் தேர்வான படங்களை ஒரு சின்ன அரங்கத்தில் திரையிட்டு, எடுத்தவர்களின் வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா இருக்கும் புடவையிலேயே நல்லதைக் கட்டிக்கொண்டு போனாள். ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மகள். கொழுந்தன் முன் வரிசைக்கு ஓடிவிட்டான்; ஒளிப்பதிவாளர் என்றால் முன்னால்தான் உட்கார வேண்டுமாம்.

பெரிய திரையில் கணவர் கூச்சப்பட்டுச் சிரித்தபோது அரங்கம் முழுக்க அவரோடு சேர்ந்து சிரித்தது. பிறகு கப்சிப். அழகாக வெட்டிய தலையோடு அந்த மனிதர் தெருவில் இறங்கி நடந்தபோது, நண்பர் வர வேண்டுமே என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கவலைப்பட்டது இருட்டிலும் தெரிந்தது. அக்கா ஒரு தவறையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தால்தானே? அவள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவரின் கிசுகிசுப்பு கேட்டது.

“கவனிச்சியா? அந்தம்மா சீப்பை வாயில கவ்விக்கிட்டு இருந்தாங்க. கழுத்தைத் தட்டிவிடறப்ப பாரு, சீப்பு பையில இருக்கு.”

கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மகளின் உடம்பு விறைத்தது. அக்காவுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டியாடி? அவருக்குப் பிடிச்சிருக்கு.”